சேலைக்காரி கல்

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்து வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் நடந்ததை எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். ரிட்டயர் ஆன பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பெரும்பாலும் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. இன்று இருக்கிறது.

தம்பி சுருளியின் மகள் சிந்துஜா, பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் சொன்னாள். ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். பேர் அருள்குமரன். அப்பா பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறாராம். நம்ம ஆட்கள்தானாம். சுருளிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பூர்வீகம் எந்த ஊரு?" என்றான்.

"நம்ம ஊர்தாம்ப்பா. வேங்கைக்காடு. கீழக்காட்டு வீடு."

சுருளி கையிலிருந்த காபி டம்ளர் முற்றத்தில் போய் விழுந்தது. "அடி கூறுகெட்டவளே! அவுக நம்ம பங்காளிடி! அவன் உனக்கு அண்ணன் முறை!"

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. பையன் பிறந்து வளர்ந்ததெல்லாம் கோவை. இரண்டு பேரும் ஒரு வருஷம் பழகிய பிறகுதான் ஒரே ஊர் என்பதே தெரிந்ததாம்.

வேங்கைக்காட்டை உண்டாக்கியவர்கள் இரண்டு பேர். மலையடிவாரத்தில் முள்ளும் மரமுமாகக் கிடந்ததை வெட்டித் திருத்தி முதல் சோளம் விதைத்தவர்கள். மேலே வெட்டியவர் எங்கள் பூட்டன் சின்னமொக்கை. அதனால் நாங்கள் மேலக்காட்டு வீடு. கீழே வெட்டியவர் விருமன். அவர் வம்சம் கீழக்காட்டு வீடு. இருவரும் அண்ணன் தம்பி என்பது ஊர்ப்பேச்சு. இரண்டு வீட்டுக்கும் குலசாமி ஒன்றே, சோணைக்கருப்பு. ஒரே குலசாமி என்றால் பங்காளி. பங்காளிக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

"அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று சிந்துஜா என்னைப் பார்த்தாள். நான் டம்ளரை எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.

பிரஷர் 160/94.

ஜனவரி 19, ஞாயிறு

கம்பத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறானாம், திராட்சைத் தோட்டம் இருக்கிறதாம். சுருளி போனில் பேசிக்கொண்டிருந்தான். போனை வாங்கி வைத்தேன்.

"அண்ணன் தம்பின்னு யாருடா சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"எதுல எழுதியிருக்கு?"

"எல்லாத்தையும் எழுதி வெச்சா கும்பிடுறோம்? அக்கா, இந்தக் கல்யாணம் நடந்தா கோயில்ல நம்ம வரியை வாங்க மாட்டாய்ங்க. நாளைக்கு நான் செத்தா நீர்மாலை எடுக்க ஒரு பய வரமாட்டான். உனக்கும் சேத்துத்தான்."

"நான் செத்த பெறகு என்னைய எவன் தூக்குனா எனக்கென்ன? பதில் சொல்லு. எழுத்துல ஆதாரம் கொண்டாந்தா ஒத்துக்கிறியா?"

சுருளி கோபக்காரன், ஆனால் மகள் என்றால் உருகிவிடுவான். "மாசி சிவராத்திரிக்கு ரெண்டு வீட்டுக்காரவுகளும் கோயில்ல கூடுவாக. அதுக்குள்ள கொண்டா. இல்லைன்னா கம்பத்துக்காரனுக்குப் பூ வெச்சிருவேன்" என்றான்.

இதே பேச்சு நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே கோயில் வாசலில் ஒருமுறை நடந்தது. எதில் எழுதியிருக்கிறது என்று அன்றைக்குக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 22, புதன்

தாலுகா ஆபீஸ். காலையிலிருந்து நின்று, சாயங்காலம் பழைய நிலப் பதிவேட்டின் நகல் கிடைத்தது. வேங்கைக்காட்டின் முதல் பட்டா. ஒரே எண்ணில் இரண்டு பேர்: சின்னமொக்கை, விருமன். கூட்டுப் பட்டா. அப்பன் பேர் இல்லை, உறவு இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சுருளி அதைப் பார்த்துவிட்டுத் துள்ளினான். "பாத்தியா? கூட்டுப் பட்டா அண்ணந்தம்பிக்குத்தான் போடுவாக!"

என் காசில், என் கால் வலியில், அவனுக்கு ஆதாரம் தேடிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி சாப்பிடவில்லை. சாப்பிடாமல் மாத்திரை போடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

ஜனவரி 27, திங்கள்

கீழக்காட்டு வீட்டுக்குப் போனேன். பவுன்ராஜ் அண்ணன்தான் அந்த வீட்டுக்குப் பெரியவர். அருள்குமரனுக்குப் பெரியப்பா. கோயில் சாவியும் அவரிடம்தான். அவர் மனைவி ராசாத்தி ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைசி நாட்களில் என் வார்டில்தான் கிடந்தாள். நான்தான் பார்த்துக்கொண்டேன். நல்லவள். கண் மூடுவதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குக் கோயில் வாசல்ல நீங்க ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். பவுன்ராஜ் அண்ணன் புளி உடைத்துக்கொண்டிருந்தார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"பங்காளி இல்லைன்னு காட்டப்போறியாக்கும்."

"ஆமாண்ணே."

"நீ காட்டிட்டேன்னு வையி. அப்ப சோணைக்கருப்பு யாரு சாமி? உங்க பூட்டன் பிடிமண் கொண்டாந்து வெச்ச சாமி. நாங்க பங்காளி இல்லைன்னா எங்களுக்கு அங்க என்ன சோலி? எங்க அப்பனுக்கு மொட்டை போட்டது, எனக்குக் காது குத்துனது, எம்புள்ளைகளுக்குப் பேர் வெச்சது எல்லாம் அடுத்தவன் கோயில்லயா? ஒரு சின்னப்பய கல்யாணத்துக்காக நாப்பது குடும்பத்துக்குச் சாமி இல்லாமப் பண்றியா தவமணி?"

அது நியாயமான கேள்வி. நான் யோசிக்காத கேள்வியும்கூட.

"தேடுறதை நிப்பாட்ட மாட்டேண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

"நீ நிப்பாட்டுற ஆளுன்னு நானும் சொல்லலை" என்றார். காபி கொடுத்தார், சீனி போடாமல்.

பிப்ரவரி 3, திங்கள்

எங்கள் பூட்டன் புறப்பட்டு வந்த ஊர் ஆலம்பொட்டல், திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம். மூன்று பஸ் மாறினேன். சோணைக்கருப்பின் தாய்க்கோயில் அங்கேதான் இருக்கிறது. ஊரைவிட்டுப் பிழைக்கப் போகிறவர்கள் அந்தக் கோயிலில் ஒரு பிடி மண் வாங்கிக்கொண்டு போய்ப் புது ஊரில் வைத்துக் கும்பிடுவார்கள். அதுதான் பிடிமண்.

கோயில் பூசாரிக்கு என் வயதுதான் இருக்கும். எந்தெந்த ஊருக்கு யார் பிடிமண் கொண்டுபோனார்கள் என்று சிவராத்திரிக்குச் சிவராத்திரி சாமி முன்னால் சொல்லுவது அவர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். மலையடிவாரம் வந்ததும் நிறுத்தினார்.

"சின்னமொக்கை. ஒரு ஆளு. ஒரு பிடி."

"விருமன்?"

"அப்படி ஒரு பேரு எங்க வகையிலயே இல்லம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பக்கத்து சீட்டுப் பெண் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் சுருளி: "வாய்ப்பேச்சு எழுத்தாகுமா? அதுவும் போக, அண்ணந்தம்பி ரெண்டு பேருக்கு ஒரு பிடிமண் போதாதா? ஆளுக்கு ஒரு கூடையா அள்ளிட்டுப் போவாக?"

பாவி, சரியாகத்தான் பேசுகிறான்.

பிப்ரவரி 6, வியாழன்

முழங்கால் வீக்கம். வெந்நீர் ஒத்தடம். சிந்துஜா போன் பண்ணினாள், பேசவில்லை, அழுதாள். அழுது முடிக்கும்வரை வைத்திருந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எதிர்வீட்டு அங்கம்மாள் இறந்துபோனாள். தொண்ணூறு வயது. நல்ல சாவு. காலையிலேயே எல்லாம் தயார், ஆனால் எடுக்க முடியவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச்சேலை வரவில்லை. அண்ணன் பேரன்கள் சேலையோடு போடியிலிருந்து வருகிறார்கள், வழியில் வண்டி பஞ்சர். வெயில் ஏறுகிறது, பாடை கட்டியாயிற்று, மேளக்காரர்கள் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"பொறந்த வீட்டுச் சேலை விழுகாம எப்படித் தூக்குறது?" என்று பெரியவர்கள் அசையவில்லை. பங்காளிகள் எத்தனை பேர் நின்றாலும் அந்தச் சேலையை அவர்கள் போட முடியாது. அதை அண்ணன் தம்பி வீடுதான் போடவேண்டும், கல்யாணமான பெண்ணுக்கு.

மத்தியானம் ஓடி வந்தார்கள். சேலையை விரித்தார்கள். எனக்குத் தலை கிர்ரென்று சுற்றியது. பிரஷர் இல்லை. வேறு.

எங்கள் கோயில் மூலையில் ஒரு சின்னக் கல் இருக்கிறது. சேலைக்காரி கல் என்போம். விஷக்காய்ச்சல் வருஷத்தில் செத்த பொம்பளை என்பார்கள், அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. சிவராத்திரிக்குச் சிவராத்திரி அதற்குப் புதுச்சேலை சாத்துவார்கள். சாத்துவது கீழக்காட்டு வீடு மட்டும். நாங்கள் ஒருநாளும் சாத்தியதில்லை. ஏன் என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். "அது அவுக முறை" என்றார். அவர்கள் ஒரு வேலை செய்கிறார்கள், நாங்கள் ஒரு வேலை செய்கிறோம், பங்காளிகள் பிரித்துக்கொண்டது என்று எல்லாரும் விட்டுவிட்டோம்.

அடக் கடவுளே! அது பிறந்த வீட்டுக் கோடி அல்லவா? அந்தப் பெண் கீழக்காட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் வாழ்ந்தவள்.

அங்கம்மாளை எடுத்ததும் குளித்துவிட்டு இதை எழுதுகிறேன். வருஷா வருஷம் பார்த்தோமே, அத்தனை பேருக்கும் கண் எங்கே போயிருந்தது?

பிப்ரவரி 14, வெள்ளி

விஷக்காய்ச்சல் வருஷம் என்றால் 1918. நர்ஸிங் படிக்கும்போது அதைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். அந்தக் காலத்திலும் கிராமத்தில் சாவு விழுந்தால் மணியக்காரர் பதிவு செய்து அனுப்ப வேண்டும். செத்தவர் பேர், வயது, புருஷன் பேர், காரணம், கடைசியில் தகவல் கொடுத்தவர், அவர் என்ன உறவு. நானே எத்தனை மரணப் படிவம் நிரப்பியிருக்கிறேன்! எல்லாரும் காரணத்தைத்தான் படிப்பார்கள். எனக்கு வேண்டியது கடைசிக் கட்டம்.

மாவட்டப் பழைய ஆவண அறை. மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கிளார்க் தம்பி எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஆபரேஷனா?" என்றான்.

"ஆமா. நூறு வருசத்துக் கட்டி" என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கட்டுகளில் பாதி கரையான். தை முதல் ஆவணி வரை தூளாகக் கொட்டியது. கிளார்க் தம்பி, "விடுங்கம்மா, இதுக்கு மேல எங்க தேட" என்றான்.

விடுவதாவது. அந்தக் காய்ச்சல் புரட்டாசிக்கு மேல்தான் இந்தப் பக்கம் கொன்று குவித்தது. கரையான் தின்றது எனக்கு வேண்டாத மாதங்களைத்தான். ஐப்பசி, கார்த்திகைக் கட்டை எடுத்துத் தரச் சொன்னேன். நாளைக்கு வாங்க என்றான். சிவராத்திரிக்கு இன்னும் எட்டே நாள். சுருளி கம்பத்துக்காரனை வெள்ளிக்கிழமை பேசக் கூப்பிட்டிருக்கிறான். நான் போய் அந்தப் போனையும் வாங்கி வைத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கிடைத்துவிட்டது.

ஒரு பக்கம் முழுக்க வேங்கைக்காடு. காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். குழந்தைகள் பேர்கூட இல்லாமல், 'ஆண் சிசு', 'பெண் சிசு' என்று. ஒரு நர்ஸ் இல்லை அந்த ஊரில், ஒரு மாத்திரை இல்லை. அதைப் படித்துவிட்டுத்தான் கீழே போக முடிந்தது.

'ஒச்சம்மாள். வயது 38. புருஷன் சின்னமொக்கை, விவசாயம். காய்ச்சல். தகவல் கொடுத்தவர் விருமன். இறந்தவளின் உடன்பிறந்தான்.'

புருஷன் அன்றைக்குப் படுக்கையில் கிடந்திருக்க வேண்டும். அதனால் கூடப்பிறந்தவர் நடந்து போய்ச் சொல்லியிருக்கிறார். மச்சானும் மச்சானும் சேர்ந்து வெட்டிய காடு. நடுவில் ஒருத்தி. முதல் பட்டா வருஷத்தை வைத்துக் கணக்குப் போட்டால் காட்டுக்கு வரும்போது இருபதுகூட ஆகியிருக்காது அவளுக்கு. வெட்டிய முள்ளை அள்ளியவள், கஞ்சி காய்ச்சியவள், சோளம் விதைத்தவள் எல்லாம் அவள்தானே. இரண்டு பேர் உண்டாக்கிய ஊர் என்கிறோம். மூன்று பேர். அவளை மறந்தோம், அவளை மறந்ததால் மச்சான்கள் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முதலில் மெதுவாக. பிறகு அடக்க முடியவில்லை. கிளார்க் தம்பி தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"எம் மருமகளுக்குக் கல்யாணம் கூடி வந்துருச்சு தம்பி."

"அதுக்கா இப்படி அழறீக?"

"ஆமா" என்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

முத்திரை போட்ட நகலை வாங்கியதும் நேராக நம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கிக் கீழக்காட்டுப் பக்கம் நடந்தேன்.

பவுன்ராஜ் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். சேலைக்காரி கல்லைப் பற்றிச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். நிறுத்திவிட்டார்.

"தண்ணி குடுங்க, தொண்டை வறண்டு கெடக்கு" என்றேன்.

சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சாமி போயிரும்னீங்களே. போகாது. மாமன் வீடு சீர் கொண்டு வராம எந்தக் கோயில்ல பொங்கல் வைக்கிறாக? நீங்க வரலைன்னாத்தான் எங்க சாமிக்குக் கொறை."

"எங்க பயலுகளுக்கு இதை எப்படிச் சொல்லுவேன்? அடுத்தவன் வாசல்ல நிக்கச் சொல்றாரு பெருசுன்னு சண்டைக்கு வருவாய்ங்க." பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு, "யோசிக்கணும் தவமணி" என்றார்.

பேப்பர் என்னிடம் இருக்கிறது. ஆனால் அவர்கள் வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லாவிட்டால் அது வெறும் பேப்பர்தான். சுருளியிடம் கொடுத்தேன். படித்தான். கம்பத்துக்காரனை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பிப்ரவரி 24, திங்கள்

கீழக்காட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. புளி உடைத்தேன். மிச்சப் புளியையும் உடைத்தேன்.

பிப்ரவரி 26, புதன். சிவராத்திரி

பொழுது இறங்கும்போது கோயிலுக்குப் போனோம். சிந்துஜா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள், சின்னப் பிள்ளையில் ஊசிக்குப் பயந்து பிடிப்பாளே, அந்த மாதிரி. அந்தப் பையனும் வந்திருந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. பரவாயில்லை.

சுருளி நகலை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தான். படித்து முடிப்பதற்குள் கீழக்காட்டு இளவட்டம் ஒன்று எழுந்துவிட்டது. "ஒரு காகிதத்தைக் காட்டி எங்க சாமியைப் புடுங்கப் பாக்குறீகளா?" இன்னொருத்தன், "வரியை நாங்களும்தானே குடுத்தோம்?" கூட்டம் கலைகிற மாதிரி ஆகிவிட்டது. சுருளி என்னைப் பார்த்தான். நான் பவுன்ராஜ் அண்ணனைப் பார்த்தேன்.

அவர் தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தார். அதில் சேலை, தேங்காய், வெற்றிலை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மூலைக்குப் போனார். கல்லைக் கழுவினார். சேலையை உதறி, விரித்துச் சாத்தினார். கூட்டம் தன்னால் அடங்கியது.

"ஏய், எல்லாரும் கேளுங்க. இது எங்க வீட்டுப் பொண்ணு. பேரு ஒச்சம்மா. பேரு தெரியாமயே இத்தனை காலமும் கோடி போட்டோம். பொண்ணைக் குடுத்த வீடு எப்படிடா பங்காளியாகும்? நாம மாமன் வீடு. அடுத்தவன் வாசல்ல நிக்கலை, நம்ம பொண்ணு வீட்டு வாசல்ல நிக்கிறோம். மாமன் சீர் வந்தாத்தான் இங்க உலையே ஏறணும். எவனுக்காச்சும் இது கேவலமாப் படுதா?"

எழுந்து நின்ற இளவட்டம் உட்கார்ந்தது. அவர் திரும்பினார். இத்தனை வருஷமாகத் தம்பி என்று கூப்பிட்ட வாயால் சொன்னார்:

"சுருளி மாப்ள. உங்க மகளை எங்க வீட்டுக்குக் குடுங்க."

சுருளி, "சரிங்கண்ணே" என்றான். கூட்டம் சிரித்தது. "சரிங்க மச்சான்" என்று திருத்தினான். பிறகு அவன் அழுதுவிட்டான், கழுதை.

அதற்குப் பிறகு ஒரே கூத்து. யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று குழப்பம். நேற்றுவரை சித்தப்பா, இன்றைக்கு மாமா. ஒருத்தி, "அப்ப எம் பொண்ணுக்கு இத்தனை முறைப்பையனா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மாமன் சீர் வந்து பொங்கல் பொங்கியது. சேலைக்காரிக்கு முதல் இலை போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சுருளி என் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா. அன்னைக்கு எனக்குப் பதினேழு வயசு. அப்பா பங்காளின்னு சொன்னதுக்கு நானும் தலையாட்டுனேன்."

"போய்ப் படு. பனி கொட்டுது" என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

மத்தியானம் பவுன்ராஜ் வந்தார். சுருளி வீட்டில் இல்லை. வைகாசியில் தேதி பார்க்கலாம் என்றார். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"விருமன் எந்த ஊர்லருந்து வந்தாருன்னு தெரியலை. எங்க குலசாமி எதுன்னும் தெரியலை. எங்கயோ ஒரு கோயில்ல எங்க பிடிமண் எடுக்காமக் கெடக்கு. எனக்கு இந்த ஆபீஸ், பதிவேடு எல்லாம் பழக்கமில்லை. நீதான் கூட வந்து தேடித் தரணும்."

"பஸ் பஸ்ஸா ஏறணும். எனக்கு முழங்கால் வலி."

"எனக்கும்தான். மெதுவாப் போவோம்."

"நான் சொல்றபடிதான் தேடணும். நடுவுல பேசக்கூடாது."

"எப்பப் பேசினேன்?" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறரை பஸ் என்று முடிவாயிற்று. அவர் எழுந்தார். வாசல்வரை போனேன். "பாத்துப் போங்க" என்றேன். அதோடு சேர்த்து நாற்பது வருஷமாகச் சொல்லி வந்த 'அண்ணே'யை இன்றைக்குச் சொல்லவில்லை. அவர் கீழ்ப்படியில் நின்று, அது வருகிறதா என்று கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டுப் போனார்.